கலைவாணியின் கறுப்புச் செருப்பு

போன மாதம் மூட்டு வலிக்குத் தைலம் வாங்கக் குரோம்பேட்டை போனவன், ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு செருப்புக் கடை வாசலில் நின்றுவிட்டேன். பள்ளிக்கூட ஷூவுக்கும் மினுமினுக்கும் கல்யாணச் செருப்புக்கும் நடுவில், இரண்டு பட்டை வைத்த கறுப்புச் செருப்புகள் சரம் சரமாகத் தொங்கிக்கொண்டிருந்தன. மிருதுவான, அழுத்தினால் அமுங்குகிற ரப்பர் அடி. எம்.சி.ஆர். என்று கேட்டு வாங்குவார்கள், கால் மரத்துப்போன சர்க்கரை நோயாளிகள் போடுகிற செருப்பு. ஒரு அம்மாள் பேரம் பேசி வாங்கினார், அங்கேயே மாட்டிக்கொண்டார், பழையதைப் பைக்குள் திணித்துக்கொண்டு பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தார். யாரும் அவர் காலைத் திரும்பிப் பார்க்கவில்லை.

கடையில் நின்ற பெண் என் காலைப் பார்த்தாள். "அதே மாடல் இருக்கு சார். உங்களுக்கும் சுகரா?"

எனக்குச் சர்க்கரை இல்லை. வேறு காரணம் இருக்கிறது, அதை நடைபாதையில் நின்று சொல்ல முடியாது. "இல்லம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

அந்த வாரமே மேடவாக்கத்திலிருந்து நித்யா போன் செய்தார். குழந்தைகளுக்கான பிசியோதெரபி மையம் நடத்துகிறவர். "வலியே தெரியாத குழந்தை ஒண்ணு எங்ககிட்ட வந்திருக்கு சார். புத்தகத்துல ரெண்டு பக்கம்தான் இருக்கு. நீங்க அந்தக் காலத்துல ஒரு கேஸ் பார்த்திருக்கீங்களாமே, எழுதிக் குடுங்களேன், நாங்க எல்லாரும் படிச்சுக்கறோம்" என்றார். சரி என்றேன். ஆனால் நித்யா எதிர்பார்ப்பது நான் சாதித்த கதையாக இருந்தால் ஏமாந்துபோவார். இதில் என்னுடைய தவறு ஒன்றல்ல, இரண்டு இருக்கிறது.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பியூசி தேறினேன், வேலை கிடைக்கவில்லை, தொழுநோய் ஆய்வாளர் பயிற்சிக்கு ஆள் எடுத்தார்கள், போனேன். பெண் கொடுக்க யோசித்தவர்கள் உண்டு. எண்பதுகளின் தொடக்கத்தில் தாம்பரத்துக்குத் தெற்கே, ரயில் பாதையை ஒட்டியிருந்த ஒரு மறுவாழ்வு மையத்தில் சேர்ந்தேன். ஒரு சைக்கிள், ஒரு தோல் பை, பைக்குள் பஞ்சு, குண்டூசி, அட்டைகள். பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ப் பிள்ளைகளைச் சட்டையைக் கழற்றச் சொல்லி, வெளுத்த தேமல் இருக்கிறதா, உணர்ச்சி இல்லாத இடம் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். மாதத்துக்கு இத்தனை புது நோயாளி கண்டுபிடிக்கவேண்டும் என்று மேலே இருந்து ஒரு கணக்கு வரும். நோய் குறைய வேண்டும் என்று வேண்டிக்கொண்டே நோயாளி கிடைக்கவேண்டும் என்று அலைந்த விசித்திரமான உத்தியோகம் எங்களுடையது.

எங்கள் மேலதிகாரி டாக்டர் சாவித்திரி. டாக்டரம்மா என்றுதான் எல்லோரும் சொல்வோம். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. காலைப் பரிசோதிக்கும்போது கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிடுவார். குட்டை முக்காலியில் உட்கார்ந்து, மடியில் ஒரு துண்டை விரித்து, நோயாளியின் காலைத் தூக்கி அதன்மேல் வைத்துக்கொள்வார். எத்தனை புண் இருந்தாலும், எந்த நாற்றம் அடித்தாலும் மடிதான். முழங்கைக்குப் பின்னால் ஓடும் நரம்பைத் தடவிப் பார்க்க எங்களுக்குச் சொல்லித்தந்தவர் அவர். "கையைப் பார்க்காதீங்க, முகத்தைப் பாருங்க. வீங்கின நரம்பை அழுத்தினா வலிக்கும். வலி முதல்ல முகத்துலதான் தெரியும்" என்பார். இன்னொன்றும் சொல்வார்: புதுப் பெயரை முதலில் பென்சிலில் எழுதுங்கள், நான் பார்த்த பிறகு பேனாவை எடுங்கள், அதுவரை ஊரில் யாரிடமும் வாயைத் திறக்காதீர்கள்.

இதைத்தான் நான் மீறினேன்.

பெருங்களத்தூர்ப் பக்கம் ஒரு ஆரம்பப் பள்ளி. மாதக் கடைசி. என் கணக்கில் ஒரு ஆள் குறைந்தது. மூன்றாம் வகுப்பில் கலைவாணி என்ற பெண், இரட்டைப் பின்னல், வாயில் முன்பல் ஒன்று இல்லை, இடது உள்ளங்காலில் ஒரு ரூபாய் அகலத்துக்குக் குழிப்புண். அந்தக் காலை ஊன்றிப் பாண்டி ஆடிக்கொண்டிருந்தாள். அவ்வளவு பெரிய புண்ணை வைத்துக்கொண்டு நொண்டாமல் ஒரு பிள்ளை ஆடினால் எங்கள் துறையில் அதற்கு ஒரே அர்த்தம்தான். குண்டூசியால் புண்ணைச் சுற்றிக் குத்திப் பார்த்தேன். அவள் என் சட்டைப் பையில் இருந்த பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தேமல் எங்கே என்று தேடவில்லை, பஞ்சால் தொட்டுப் பார்க்கவில்லை, கையைப் பார்க்கவில்லை. பேனாவாலேயே எழுதினேன். போகிற போக்கில் தலைமையாசிரியையிடம், "அந்தப் பொண்ணைக் கொஞ்சம் தனியா உக்கார வைங்க, மருந்து ஆரம்பிக்கற வரைக்கும்" என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்தேன்.

மறுநாள் காலை மையத்து வாசலில் அவளுடைய அம்மா அஞ்சலை நின்றுகொண்டிருந்தார். குரோம்பேட்டையில் தோல் பதனிடும் ஒரு ஷாப்பில் கணவனும் மனைவியும் வேலை. பெண்ணை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்.

"இன்னா சார் எழுதிட்டுப் போன? இஸ்கூல்ல ஒரு புள்ள கிட்ட வர மாட்டுது. டீச்சரு வூட்டுக்கு இட்டுகினு போன்னுட்டாங்க. எங்க வூட்டுல யாருக்குமே அந்தச் சீக்கு கெடயாது சார்."

எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டு டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனேன்.

அன்று அவர் செய்த பரிசோதனை இன்றைக்கும் எனக்கு வரிசை தப்பாமல் நினைவிருக்கிறது. கடிகாரம் பைக்குள் போனது. கலைவாணியின் கால் மடிக்கு வந்தது. முதலில் உடம்பு முழுக்கத் தேமல் தேடினார், ஒன்றும் இல்லை. முழங்கை, முழங்காலின் பக்கம், கணுக்கால் என்று நரம்புகளைத் தடவினார், எதுவும் தடிக்கவில்லை. பிறகு அவளைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, தொட்ட இடத்தை விரலால் காட்டும்படி பஞ்சால் தொட்டார். புண்ணுக்குப் பக்கத்தில்கூடச் சரியாகக் காட்டினாள். தொழுநோய் தின்ற இடத்தில் பஞ்சு தெரியாது. அடுத்து குண்டூசி. முனையால் ஒன்று, தலையால் ஒன்று என்று மாற்றி மாற்றி வைத்தார்.

"குத்துதா, தொடுதா?"

"தொடுது."

காலில், கையில், தோளில், கன்னத்தில்கூட எல்லாமே தொடுதுதான். இரண்டு கண்ணாடிக் குழாய்களில் வெந்நீரும் பச்சைத் தண்ணீரும் ஊற்றி அவள் தோலில் வைத்தார். இரண்டுக்கும் "கண்ணாடி" என்றாள். டாக்டரம்மா அஞ்சலையிடம் திரும்பினார்.

"குழந்தையா இருந்தப்ப தடுப்பூசி போட்டா அழுவாளாம்மா?"

"அழ மாட்டா டாக்டரம்மா. நர்ஸு, நல்ல புள்ளன்னு மெச்சிகினாங்க. பல்லு மொளைக்கசொல்ல நாக்க கட்ச்சுகினா, ரத்தமா ஊத்துது, சிரிச்சுகினு கீறா. அடுப்புல கைய வெச்சா, நாத்தம் வந்துதான் நான் ஓடியாந்து பாத்தேன்."

தோலில் எடுத்த சோதனையும் சுத்தமாக வந்தது. பிறவியிலேயே வலியையும் சூட்டையும் சொல்லும் நரம்புகள் வேலை செய்யாத நோய், லட்சத்தில் ஒருவருக்குக்கூட வராது, தொற்றாது, மருந்தும் கிடையாது என்று அஞ்சலைக்குப் புரியும்படி டாக்டரம்மா விளக்கினார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். திட்டுவார் என்று நின்றேன்.

"எங்கெங்க பார்த்தீங்க?"

"கால்ல மேடம்."

"எதால?"

"குண்டூசியால."

"அம்மாகிட்ட என்ன கேட்டீங்க?"

எதுவுமே கேட்டிருக்கவில்லை நான். "எழுதினவங்கதான் அழிக்கணும், ராஜமாணிக்கம். யார் யார்கிட்ட சொன்னீங்களோ அவங்ககிட்ட எல்லாம் போய்ச் சொல்லிட்டு வாங்க" என்றார்.

போனேன். போனது உண்மை, சொன்னது பாதிதான். வகுப்பில் போய்ப் பிள்ளைகள் முன்னால் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. தலைமையாசிரியை அறையில் உட்கார்ந்து டாக்டரம்மாவின் சீட்டைக் கொடுத்தேன். அந்த அம்மாள் கெட்டவரில்லை. "நான் நம்பறேன் சார். மத்த புள்ளைங்களோட அம்மாக்கள் நம்பணுமே. உங்க ஆஸ்பத்திரி கறுப்புச் செருப்பைப் போட்டுகிட்டு வந்தா, நான் என்ன சொன்னாலும் எடுபடாது. கால் ஆறட்டும். எல்லாரையும் மாதிரி ஷூ போட்டுகிட்டு வரட்டும், நான் உக்கார வெச்சுக்கறேன்" என்றார். எனக்கும் அது வசதியாக இருந்தது.

கால் ஆற வேண்டுமே. வலி தெரியாத காலின் புண் ஆறாததற்குக் காரணம், வலிக்காததால் அதன் மேலேயே நடந்துகொண்டிருப்பது. ஆகவே முழங்கால் வரை மாவுக்கட்டு போட்டுப் படுக்கவைத்தோம். வாரங்கள் போயின. கட்டை மாற்றும்போதெல்லாம் புண் சுருங்கியிருக்கும். கையில் சூடு படாமல் இருக்க முழங்கையால் பாத்திரத்தைத் தொட்டுப் பார்க்கலாமா என்றால் முழங்கைக்கும் சூடு தெரியாது. அதனால் ஆவி வருகிறதா என்று கண்ணால் பார்க்கப் பழக்கினோம். தினமும் மாலையில் காலைத் தண்ணீரில் ஊறவைத்து, எண்ணெய் தடவி, கண்ணாடியை வைத்து உள்ளங்காலைப் பார்க்கவேண்டும். எட்டு வயதுப் பெண்ணுக்கு இதெல்லாம் எத்தனை நாள் பிடிக்கும்? மூன்றாம் நாளே கண்ணாடியைப் பொட்டு வைத்துப் பார்க்க எடுத்துக்கொண்டாள்.

ஒரு மாலை நான் உள்ளே நுழைந்தபோது கட்டிலில் சம்மணமிட்டு, மரஸ்கேலைக் கையில் பிடித்துக்கொண்டு, கடுமையான குரலில் கத்திக்கொண்டிருந்தாள். "ஒண்ணு!" பிறகு அவளே குரலை மாற்றி, "ப்ரெசென்ட் டீச்சர்." "ரெண்டு!" "ப்ரெசென்ட் டீச்சர்." ஸ்கேல் ஒவ்வொரு கால்விரலாகத் தொட்டுக்கொண்டு போனது. பள்ளிக்கூடத்தில் அவளை யாரும் பெயர் கூப்பிடாமல் போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. அதைச் செய்தவன் வாசலில் நிற்கிறேன்.

அதையே சிகிச்சையாக்கினோம். தினமும் மாலை பத்து விரலையும் பேர் கூப்பிடவேண்டும். சிவந்திருந்தால், கொப்புளம் இருந்தால், அந்த விரல் "லேட்". லேட்டாக வந்தவனை டாக்டரம்மாவிடம் அனுப்பவேண்டும். ஒரு நாள்கூட விடவில்லை அவள்.

கால் ஆறியது. இனி செருப்பு.

எங்கள் பட்டறையில் செருப்பு தைத்தவர் சின்னையா. அவருக்கே தொழுநோய் வந்து போனதுதான். கை விரல்கள் பாதி மடங்கிப்போனவை, ஆனாலும் அந்த மடங்கிய விரலுக்கு நடுவில் ஊசியைப் பிடித்து அவர் போடும் தையல் நூல் பிடித்த மாதிரி நேராக ஓடும். ஆணி அடிக்கமாட்டார். தையல், பசை, இரண்டு பட்டை, கறுப்பு. எங்கள் பக்கத்துப் பஸ்களில் அந்தச் செருப்போடு ஒருவர் ஏறினால் பக்கத்து இருக்கை காலியாகிவிடும். அப்படிப் பேர் வாங்கியிருந்தது அது. அவரிடம் போய், அதே ரப்பர் அடி வைத்து, மேலே மூடி, பள்ளிக்கூட ஷூ மாதிரி செய்துதர முடியுமா என்று கேட்டேன்.

சின்னையா ஊசியைக் கீழே வைத்தார். "நம்ம செருப்பு மாதிரி தெரியக் கூடாது. அதான சார்?"

"பொண்ணு படிக்கணும் சின்னையா."

"புரியுது சார். எனக்கு இல்லாத சீக்குன்னா நானுந்தான் அப்டி கேப்பேன்." ஊசியைத் திரும்ப எடுத்துக் கையிலிருந்த தையலை முடித்தார். பிறகு, "அளவு எடுக்கணும், இட்டுகினு வா" என்றார்.

டாக்டரம்மாவுக்கு விருப்பமில்லை. "இந்தக் காலுக்குக் கண்ணுதான் காவல். மூடிட்டா யார் பார்க்கறது?" என்றார். நான் தலைமையாசிரியை சொன்னதை எடுத்துச் சொன்னேன். தினமும் மாலை அட்டெண்டன்ஸ் எடுக்கிறாளே, பயமில்லை மேடம் என்றேன். நான் பேசப் பேச அவர் கடிகாரத்தைத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தார். கடைசியில் அரைமனதாகத் தலையாட்டினார். அஞ்சலையின் கணவர் தன் முதலாளியிடம் கேட்டு மெத்தென்ற தோல் துண்டு வாங்கிவந்தார். ஷூ அருமையாக வந்தது. கலைவாணி அதைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள், இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்தாள். நான் பெரிய காரியம் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டு திரிந்தேன்.

நான்கு மாதம் கழித்து அரைப் பரீட்சை முடிந்த வாரம், அஞ்சலை அவளைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். பிள்ளைக்கு நெருப்பாகக் காய்ச்சல். ஷூவைக் கழற்றியதும் அறை முழுக்க நாற்றம். ஷூவுக்குள் ஒரு பலப்பத் துண்டு கிடந்தது. பையிலிருந்து எப்போதோ விழுந்திருக்கிறது. எத்தனை நாள் அதன்மேல் நடந்தாளோ தெரியாது. இடது சுண்டுவிரல் கறுத்துப்போய், எலும்பு வரை சீழ்.

"ஷூவ கழட்டவே மாட்டன்னுச்சு சார். படுக்கசொல்லகூட சாக்ஸோடதான் படுத்துச்சு. அது எல்லாரு மாதிரியும் ஆயிட்ச்சுன்னு நாங்களும் வுட்டுட்டோம்" என்று அஞ்சலை தலையில் அடித்துக்கொண்டார். அட்டெண்டன்ஸ் எப்போது நின்றது என்று கேட்டேன். ஷூ வந்த முதல் வாரமே நின்றுவிட்டதாம். நிஜப் பள்ளிக்கூடம் கிடைத்த பிறகு விளையாட்டுப் பள்ளிக்கூடம் அவளுக்கு எதற்கு?

அந்த விரலை எடுக்கவேண்டியதாயிற்று. கட்டுப் பிரிக்கும் நாளில் நான்தான் பக்கத்தில் இருந்தேன். கலைவாணி காலைப் பார்த்தாள். ஸ்கேலைத் தேடவில்லை, வெறும் விரலாலேயே ஒவ்வொன்றாகத் தொட்டாள். ஒன்பது வரை வந்தாள். பிறகு என்னைப் பார்த்து, "சுண்டு ஆப்சென்ட் சார்" என்றாள். அழவில்லை. அழுதது நான்.

டாக்டரம்மா அப்போதும் என்னைத் திட்டவில்லை. நானே அவர் அறைக்குப் போனேன். "எழுதினதை இன்னும் அழிக்கலை மேடம். மூடி வெச்சேன்" என்றேன். "தெரியும்" என்றார்.

பட்டறைக்குப் போய் என் அளவுக்கு ஒரு ஜோடி கறுப்புச் செருப்பு கேட்டேன். சின்னையா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உனுக்கு இன்னாத்துக்கு?" என்றார். சொன்னேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் முன்னால் அதைப் போட்டுக்கொண்டு நிற்கப் போகிறேன் என்றதும் அளவு எடுத்தார். அடுத்த திங்கட்கிழமை காலை, நான் சைக்கிளை எடுக்கும்போது வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்து பின்னால் ஏறிக்கொண்டார்.

பிரார்த்தனை முடிந்து பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். தலைமையாசிரியை கையைப் பிசைந்துகொண்டிருந்தார். நான் என் காலில் இருந்த செருப்பைக் காட்டினேன். "கலைவாணிக்கு அந்த நோய் இல்ல. ஒழுங்காப் பார்க்காம நான்தான் தப்பா எழுதிட்டேன். தப்பு என்னுது" என்றேன். இவ்வளவுதான். எட்டு மாதத்துக்கு முன்னால் சொல்லியிருந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும், பத்தாவது விரலும் இருந்திருக்கும்.

சின்னையா முன்னால் வந்தார். மடங்கிய கையைப் பிள்ளைகள் பார்க்கும்படி தூக்கிக் காட்டினார். "எனக்கு இருந்துச்சு கண்ணுங்களா. மாத்திரை துன்னேன், பூடுச்சு. கை மட்டும் இப்டி நின்னுட்ச்சு. இந்தக் கையாலதான் இத்த தெச்சேன்." பையிலிருந்து சின்ன அளவு கறுப்புச் செருப்பை எடுத்தார். அஞ்சலையின் கையைப் பிடித்துக்கொண்டிருந்த கலைவாணியின் முன்னால் மண்ணில் உட்கார்ந்து, விரல் போன காலுக்குப் பார்த்துப் பார்த்துப் பட்டையை மாட்டினார். முன்வரிசையில் ஒரு பெண் குனிந்து பார்த்துவிட்டு, "அக்கா, ஒரு வெரலு கொறையுதே" என்றாள். கலைவாணி அவளுக்கு அட்டெண்டன்ஸ் எடுத்துக் காட்டினாள்.

எல்லாம் அன்றோடு சரியாகிவிட்டது என்று சொன்னால் பொய். இரண்டு பெற்றோர் பிள்ளைகளை வேறு பள்ளிக்கு மாற்றினார்கள். ஒரு ஆசிரியர் கடைசிவரை அவள் நோட்டை ஓரத்தைப் பிடித்துத்தான் வாங்கினார். ஆனால் கலைவாணி திறந்த செருப்போடு பத்தாவது வரை படித்தாள். மத்தியானம் சாப்பாட்டு மணி அடித்ததும் அவள் தோழிகளே, "காலைக் காட்டுடி" என்று கேட்டு எண்ணிப் பார்ப்பார்களாம். இதை எந்த மருத்துவமனையும் செய்து தந்திருக்க முடியாது.

நித்யா, உங்களுக்குச் சொல்ல வேண்டியது மேலே இருக்கிறது: பஞ்சு, ஊசி, வெந்நீர், அம்மாவிடம் கேள்வி. காலை மூடாதீர்கள். உங்களிடம் வந்திருக்கும் குழந்தைக்கு எந்த விளையாட்டு பிடிக்கிறது என்று அதுவே காட்டும், காத்திருங்கள்.

சின்னையா தொண்ணூறுகளின் கடைசியில் போய்விட்டார். தன் செருப்பு கடை வாசலில் தொங்குவதை, ஜனங்கள் பேரம் பேசி வாங்குவதை அவர் பார்க்கவில்லை. அதுதான் அன்று அந்தக் கடை முன்னால் எனக்குத் தாங்கவில்லை. நான் ஓய்வு பெற்ற பிறகும் அதே மாதிரிச் செருப்பைத்தான் போடுகிறேன். சர்க்கரையா என்று கேட்பவர்களிடம் இந்தக் கதையைச் சொல்ல நேரம் இருப்பதில்லை.

கலைவாணி மறைமலை நகரில் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாள். பெல்ட்டில் வரும் சாமான்களில் கீறல், விரிசல் கண்டுபிடிக்கும் பிரிவு. அவள் கண்ணுக்குத் தப்பாது என்று மேற்பார்வையாளரே சொல்வாராம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என் போனில் ஒரு படம் வரும், இரண்டு உள்ளங்கால்கள். கீழே, "ஒன்பது பேர் ப்ரெசென்ட் சார்" என்று எழுதியிருப்பாள். நான் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கி, ஒன்று இரண்டு என்று ஒன்பதையும் பார்ப்பேன். சுண்டுவிரல் இருந்த இடத்தையும் ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் "சரி" என்று பதில் போடுவேன்.